இடது தோளுக்கு அனுமதி இல்லை

அத்தியாயம் 6

இன்ஸ்பெக்டரின் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றியவை. இரண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டிய கையும் ஒன்றுதான். முதல் தாள், இந்தப் பெண் நல்ல நடத்தை உள்ளவர், இவர் கையில் துப்பாக்கியைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று ஒரு வங்கிக்குச் சொல்கிற நற்சான்றிதழ். அடுத்த தாள், இதே பெண் இன்று காலை பத்தே முக்கால் மணிக்குத் தனக்குச் சுடக் கற்றுக்கொடுத்த வாத்தியாரையே சுட்டுவிட்டார் என்று கோர்ட்டுக்குச் சொல்கிற அறிக்கை.

ஐந்து மணிக்கு வங்கியிலிருந்து ஆள் வருவார், அவர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தனுப்பியாக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கவலைப்பட்டார். அப்போது மணி இரண்டரை.

"ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுக் குடுத்துடுங்க சார்," என்றாள் நாத்தனார். "இவங்க சும்மா பேச்சுக்குத் துப்பாக்கி கேக்கலன்னு வங்கிக்கும் ஒரு நம்பிக்கை வரும்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தார். இந்த இருவரோடும் பழகியவர்கள் எல்லாரும் செய்வது அதைத்தான்.

அண்ணி, இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள். தானாகத் தீப்பிடித்த கடைகள், தானாகக் காணாமல்போன லாரிகள், இவைதான் அவளுக்குப் பாடசாலை. பிறகு, இனி சொந்தமாகவே சந்தேகப்படலாம் என்று துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தாள். உதவிக்குக் கணவனின் தங்கையைச் சேர்த்துக்கொண்டபோது, ஒரு வாரம்கூடத் தாங்காது என்று வீட்டில் எல்லாரும் ஏகமனதாகச் சொன்னார்கள். ஆறு வருஷம் ஆகிவிட்டது. எப்படி ஒத்துப்போகிறது என்று யாராவது கேட்டால் நாத்தனாரிடம் பதில் தயாராக இருக்கும். ஊர் உலகத்தில் எல்லா நாத்தனார்களும் அண்ணியிடம் சும்மாவே குறை கண்டுபிடிக்கிறார்கள், தனக்கு மட்டும் அதற்குச் சம்பளம் கிடைக்கிறது என்பாள்.

இந்த வழக்கை அவர்கள் தேடிப் போகவில்லை. மாட்டிக்கொண்ட பெண், அவர்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கிடங்கின் வாசல் காவல்காரி. தினமும் காலையில் இவர்கள் மணி அடித்தால், இரும்புக் கதவின் சின்ன ஓட்டையில் முதலில் ஒரு கண் தெரியும், பிறகு கதவு திறக்கும். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், கைவிட்டுப் போன புருஷன், கையில் ஒரு தடி. அந்தத் தடிக்குப் பதிலாக ஒரு துப்பாக்கி கிடைத்தால் வங்கியில் நிரந்தர வேலை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நேர்காணல். அதற்கு இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று போலீஸ் நற்சான்றிதழ். மற்றொன்று, நூற்றுக்குக் குறைந்தது எண்பது எடுத்திருக்கிறார் என்று சுடுதளத்து வாத்தியார் கையெழுத்துப் போட்ட படிவம். இன்று காலை பதினொன்றேகாலுக்குப் பஸ் நிறுத்தத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவளை ஜீப்பில் ஏற்றியபோது, அந்தப் படிவம் மடித்தபடி அவள் பைக்குள் இருந்தது, கையெழுத்து இல்லாமல்.

"சுட்டுட்டு பஸ்ஸுக்கு நிக்கிற பொறுமை எனக்கெல்லாம் வராது சார்," என்றாள் நாத்தனார்.

இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். சுடுதளத்தில் காலையில் மூன்றே பேர். வாத்தியார், இந்தப் பெண், துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர். பத்தரைக்கு வாத்தியாருக்கும் இவளுக்கும் வாக்குவாதம். 'உங்க கண்ணு எதுன்னு முதல்ல நீங்க பாத்துக்குங்க சார்' என்று இவள் சொன்னதை ஸ்டோர்காரர் கேட்டிருக்கிறார். பிறகு அவர் டீ குடிக்கப் பின்னால் போனார். பத்தே முக்காலுக்கு ஒரே ஒரு வெடிச்சத்தம். ஓடிவந்து பார்த்தால், நாலாம் நம்பர் மேசையருகே வாத்தியார் தரையில் உட்கார்ந்திருக்கிறார், வலது கன்னத்தில் ரத்தம். மேசைமேல் ரைபிள். தான் தாள் மாற்றுவதற்காக இலக்குச் சட்டத்தின் இடது பக்கம் போய் நின்றதாகவும், அப்போது இவள் சுட்டதாகவும், தான் ஓடி வருவதற்குள் போய்விட்டதாகவும் வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். கன்னத்தில் மூன்று தையல்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு மேடம். இந்தம்மா எப்பச் சுட்டாலும் குறி இடது பக்கம்தான் போகுமாம். அதனால கைதவறிப் பட்டதுன்னுகூட எழுதிக்கலாம், ஜெயிலுக்குப் போகாம தப்பிச்சுப்பாங்க. ஆனா கைதவறி வாத்தியாரைச் சுட்டவங்க கையில துப்பாக்கி குடுங்கன்னு நானே எப்படி எழுதறது?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நாத்தனாருக்கு அதுதான் எரிச்சல்.

உள் அறையில் காவல்காரி முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அங்கேயும் காவலுக்கு வந்தவள் மாதிரி. தான் பத்தரைக்கே கிளம்பிவிட்டதாகவும், ரைபிளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள். சுடுதளத்தில் அவளுக்கு 'ஓரம்' என்று பெயர். வைத்தவர் வாத்தியார். எட்டு மாதமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும், வார விடுமுறையில், அவள் போகும்போதெல்லாம் 'வாங்க ஓரம், இன்னைக்காவது தாள்மேல படுமா?' என்று அவர் வரவேற்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். கட்டணம் கட்டியவள் என்ற முறையில் அவளும் சிரித்துவைப்பாள்.

அண்ணி அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இடது கண்ணை மட்டும் மூடிக் காட்டச் சொன்னாள்.

ஓரம் முயற்சி செய்தாள். கன்னம் ஏறியது, உதடு கோணியது, இரண்டு கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டன. வலது கண்ணை மூடச் சொன்னதும் சட்டென்று மூடினாள்.

"இதுக்குத்தான் தினமும் திட்டு," என்றாள் ஓரம். "இடது கண்ணை மூடு, இடது கண்ணை மூடுன்னு சொல்வாரு. மூடத் தெரிஞ்சா மூடமாட்டேனா?"

"கதவு ஓட்டையில தினம் தெரியறது இந்த இடது கண்ணுதான் அண்ணி," என்றாள் நாத்தனார். "கீழ மச்சம் இருக்கு பாருங்க. ஆறு வருஷமா எனக்கு அந்த மச்சத்தைத்தான் தெரியும். இன்னொரு கண்ணு இருக்குன்னே கதவு திறந்தப்புறம்தான் தெரியும்."

அண்ணி எழுந்து, வாசலில் நின்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல் விடச் சொன்னாள். இரண்டு கண்ணையும் திறந்தபடி அந்த ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கைகளை மெதுவாக முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஜன்னல் அவருடைய வலது கண்ணுக்கு வந்து சேர்ந்தது. எழுதும் கை ஒன்று இருப்பதுபோல எல்லாருக்கும் பார்க்கும் கண் என்றும் ஒன்று உண்டு, மற்றது துணைக்கு வருவது என்று அண்ணி விளக்கினாள். ஓரத்தையும் செய்யச் சொன்னாள். ஜன்னல் நேராக மச்சக் கண்ணுக்குப் போய் நின்றது.

ஐந்து நிமிஷத்தில் ஸ்டேஷன் முழுக்க ஜன்னல் கட்டிக்கொண்டு நின்றது. புகார் கொடுக்க வந்த ஒருவர், தம் சைக்கிள் காணாமல்போனதை மறந்து, தமக்கு எந்தக் கண் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கி வலது தோள்ல. குறி பாக்கிறது இடது கண்ணு," என்றாள் அண்ணி இன்ஸ்பெக்டரிடம். "அப்போ துப்பாக்கி மூக்கு இடது பக்கம் திரும்பித்தான் நிக்கும். இவங்க எட்டு மாசமாத் தப்பாச் சுடல. தப்பான தோள்ல வச்சுச் சரியாச் சுட்டிருக்காங்க."

அப்படியானால் விபத்து என்பது உறுதியாகிவிட்டது என்று இன்ஸ்பெக்டர் மகிழ்ந்தார். நாத்தனாரும் மகிழ்ந்தாள். மகிழாதவள் ஓரம் மட்டும்தான். தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே காரில் ஏறியதும் அண்ணி சொன்னாள்: "விபத்துன்னு சொன்னதும் அந்த மூஞ்சி தெளியலயே, கவனிச்சியா?"

"கவனிச்சேன். காலையில இருந்து ஜீப்பு, ஸ்டேஷன்னு அலைஞ்ச மூஞ்சி. சிரிச்சாத்தான் சந்தேகப்படணும்."

"அவ எதையோ மறைக்கிறா. அதுவும் தனக்கு நல்லதான எதையோ. வண்டியைச் சுடுதளத்துக்கு விடு."

சுடுதளம், பழைய டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஒரு முனையில் எட்டு மேசைகள், மறுமுனையில் மணல்மேட்டுக்கு முன்னால் எட்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் வட்டம் போட்ட தாளை மாட்டுவார்கள். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் வெள்ளைப் பெயிண்டால் வாத்தியாரே எழுதிய விதிகள். மூன்றாவது விதி இப்படி இருந்தது: 'வலது தோள். இடது கண்ணை மூடவும்.' அதன்கீழே, பிறகு யாரோ கேள்வி கேட்டிருக்க வேண்டும், பெரிய எழுத்தில்: 'இடது தோளுக்கு அனுமதி இல்லை.'

ஸ்டோர்காரர் நல்ல மனிதர், பயந்த சுபாவம். ரைபிளைத் தோட்டா ஏற்றித் தயார் செய்யும் கைப்பிடி வலது பக்கம் இருப்பதால் இடது தோளில் வைத்தால் கை குறுக்கே போகும், அதனால் ஆரம்பத்தில் வைத்த விதி அது என்றார். இப்போது காரணம் போய் விதி மட்டும் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக யாரும் மீறியதில்லை.

அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் பதினோரு கோப்பைகள் இருந்தன. நாத்தனார் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள்.

"மூணாவது பரிசு, மூணாவது பரிசு, மூணாவது பரிசு. ஏங்க, ஒரு தடவைகூடத் தெரியாத்தனமா ரெண்டாவது வரலியா?"

ஸ்டோர்காரருக்கு மனது நொந்துவிட்டது. வாத்தியார் மாதிரி உழைப்பவர்களை இந்தத் தொழிலில் பார்க்க முடியாது, விடியும்போதே வந்து நூறு தோட்டா சுடுவார், ஏனோ கடைசியில் எப்போதும் ஒரு நூலிழையில் போய்விடும் என்றார்.

துப்பாக்கிகள் சுவரில் வரிசையாக நின்றன. சுடுகிறவர் கன்னத்தைச் சாய்த்து வைக்கும் மரக்கட்டையில், ஒவ்வொரு ரைபிளிலும் இடது பக்கம் மட்டும் மங்கலான ஒரு கறை. நாத்தனார் அதைத் தடவிப் பார்த்தாள். அது என்ன என்று அவள் கேட்டதும் ஸ்டோர்காரர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. வாத்தியார் மீசைக்கும் கிருதாவுக்கும் ஞாயித்துக்கிழமை சாயம் போடுவாரு. எல்லா ரைபிளையும் அவர்தான் கன்னத்துல வச்சுச் சொல்லிக்குடுப்பாரு. தினம் காலையில எட்டு மணிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். இன்னைக்கும் துடைச்சேன். பழைய கறை போகவே மாட்டேங்குது."

"ஊறிப்போச்சு," என்றாள் நாத்தனார் பரிவோடு. "எங்க வீட்டுத் தலையணை உறையெல்லாம் இப்படித்தான்."

அண்ணி அதற்குள் நாலாம் நம்பர் சட்டத்தருகே போய்விட்டாள். சட்டத்தின் இடது ஓரம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருந்தது, எட்டு மாதத் திங்கட்கிழமைகள் அத்தனையும் அங்கே பதிவாகியிருந்தன. ஆனால் பள்ளங்களுக்கு மேலே புதுப் பச்சைப் பெயிண்ட் சிராய்ப்பில்லாமல் ஒட்டியிருந்தது. சனிக்கிழமைதான் எல்லாச் சட்டத்துக்கும் அடித்ததாக ஸ்டோர்காரர் சொன்னார். வலது ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து, இரும்பு வெள்ளையாக மின்னியது, கட்டைவிரல் நகம் அளவுக்கு.

அண்ணி ஸ்டோர்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பல கடை முதலாளிகள் தங்கள் தீயைத் தாங்களே அணைத்திருக்கிறார்கள்.

"அந்தம்மா இன்னைக்குச் சுட்ட தாள் எங்க?"

 அவர் ஸ்டோருக்குள் போய், எண்ணெய் டப்பாவுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வந்தார். பத்து ஓட்டைகள். பத்தும் நடுவட்டத்திலும் அதை ஒட்டியும். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.

ஓரம் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: மூன்று வாரமாக வீட்டில் துடைப்பக்கட்டையை இடது தோளில் வைத்துப் பழகினாளாம். கதவு ஓட்டையில் எந்தக் கண்ணை நம்புகிறோமோ அந்தக் கண் பக்கமே துப்பாக்கியை வைத்தால் என்ன என்று அவளுக்கே தோன்றியதாம். இன்று வாத்தியார் முன்னாலேயே இடது தோளுக்கு மாற்றிச் சுட்டிருக்கிறாள். அவர் தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு கத்தினார். படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

"இதை ஏன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லல?" என்றாள் அண்ணி.

"எப்படிம்மா சொல்றது? தப்பாச் சுடறவங்கன்னு சொல்றதாலதான் விபத்துன்னு நினைக்கிறாங்க. நடுவுல பத்துக் குண்டு போட்டவங்கன்னு தெரிஞ்சா வேணும்னே சுட்டதுன்னு ஆயிடாதா?" என்றார் ஸ்டோர்காரர்.

ஓரம் மறைத்ததும் இதைத்தான்.  

"எட்டு மாசம் ஒழுங்காச் சுடலன்னு திட்டு," என்றாள் நாத்தனார். "ஒரே ஒரு நாள் ஒழுங்காச் சுட்டதுக்கு ஜெயில். இந்தத் தாளை நாம பாக்கலன்னு வச்சுக்கலாம் அண்ணி. எண்ணெய் டப்பா அடியிலயே இருக்கட்டும்."

அண்ணி தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, வாத்தியார், ஓரம், அந்த ரைபிள், அந்த இரண்டு தாள், எல்லாவற்றையும் சுடுதளத்துக்கே கொண்டுவரச் சொன்னாள்.

அவர்கள் வந்து சேரும்போது மணி நாலேகால். வாத்தியார் அறுபதை நெருங்குகிறவர், விறைப்பான ஆள், கன்னத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தும் மீசை கம்பீரமாக இருந்தது. ஓரத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தான் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னதும், கொட்டகையின் மறுமுனைக்கு நடந்துபோய் நாலாம் நம்பர் சட்டத்தின் இடது பக்கம் நின்று காட்டினார். அண்ணி மரியாதையாக நன்றி சொல்லி அவரை மேசைக்குத் திரும்ப அழைத்தாள்.

"எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியல சார். அந்தச் சட்டத்துல புதுசா ஏதோ அடி இருக்கிற மாதிரி இருக்கு. உங்க தொலைநோக்கியில பாத்துச் சொல்றீங்களா?"

ஓட்டைகளை எண்ணுவதற்காக மேசையருகே முக்காலியில் நிற்கிற தொலைநோக்கி அது. வாத்தியார் பழகிய லாவகத்தில் குனிந்து கண்ணை வைத்தார். நாத்தனார் கவனித்தாள். வைத்தது இடது கண்.

"இருக்கு. வலது ஓரத்துல."

சொன்ன பிறகு அவர் குனிந்த நிலையிலேயே ஒரு கணம் அதிகமாக நின்றார்.

இந்தச் சட்டத்தில் எட்டு மாதத்தில் ஒரு தோட்டாவாவது வலது பக்கம் போனதுண்டா என்று அண்ணி கேட்டாள். ஸ்டோர்காரர் இல்லை என்றார்.  அடுத்து அண்ணி கைப்பையிலிருந்து தாளை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள். ஓரம் கண்ணை மூடிக்கொண்டாள், இரண்டையும்.

இன்ஸ்பெக்டர் ஓட்டைகளை எண்ணினார். முகம் மாறியது. "மேடம், நீங்க யார் பக்கம்? இப்படிச் சுடத் தெரிஞ்சவங்கன்னா இது விபத்தே இல்லையே."

"விபத்துதான் சார். ஆனா இவங்க செஞ்சது இல்ல. பத்துத் தோட்டா இந்தத் தாள்ல இருக்கு. பதினோராவது தோட்டா, மேசைமேல திறந்து கிடந்த டப்பாவுல இருந்து எடுத்தது, அதை யார் வேணாலும் எடுத்திருக்கலாம். அது போன இடம் வலது ஓரம். வாத்தியார் நின்னதாச் சொல்றது இடது பக்கம். அங்க நின்னவர் கன்னத்துல அது எப்படிப் படும்? இப்ப அந்த ரைபிளைக் கொஞ்சம் திருப்புங்க."

ரைபிள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. இடது பக்கம் பழைய கறை. இன்ஸ்பெக்டர் மறுபக்கம் திருப்பினார். வலது பக்கம் மரத்தில், புதிதாக, கருப்பாக ஒரு தீற்றல். துப்பாக்கி எண்ணெய் என்றுதான் நினைத்ததாக அவர் சொன்னார்.

நாத்தனார் உறைக்குள் விரல் விட்டுத் தொட்டு, விரலைத் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள்.

"எங்க அண்ணன் தலைக்கு, அதாவது இவங்க வீட்டுக்காரர் தலைக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான்தான் சார் பூசி விடறேன். எனக்குத் தெரியாதா? இயற்கைக் கருப்புன்னு அட்டையில போட்டிருக்கும். இயற்கைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

இன்ஸ்பெக்டரின் கை அவரை அறியாமல் அவருடைய மீசைக்குப் போய்த் திரும்பியது. எல்லாரும் ஓரத்தின் தலையைப் பார்த்தார்கள். வகிட்டின் இரு பக்கமும் நரை, மறைக்க நேரமில்லாத நரை. பிறகு எல்லாரும் வேறு எங்கும் பார்க்க இடமில்லாமல் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"காலையில எட்டு மணிக்குத் துடைச்சு வச்ச கட்டை," என்றாள் அண்ணி. "வலது தோள்ல வச்சா வலது கன்னம் படும், கறை கட்டையோட இடது பக்கம் விழும். இந்தக் கறை வலது பக்கம் இருக்கு. இடது தோள்ல வச்சு, இடது கன்னத்தைச் சாய்ச்சாத்தான் இப்படி விழும். சார், இந்தம்மா போனதுக்கப்புறம் நீங்களும் உங்க கண்ணு எதுன்னு பாத்தீங்க, இல்லையா?"

 வாத்தியார் நாலாம் நம்பர் மேசையின் நாற்காலியில் உட்கார்ந்தார். விறைப்பு போனதும் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"தொண்ணூத்து மூணு," என்றார். "இந்தத் தளத்துல நானே அந்த நம்பரைப் போட்டதில்ல."

பிறகு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் போன பிறகு அலமாரிக்கு முன்னால் நின்று, பயிற்சிப் புத்தகத்தில் படித்தும் ஒருநாளும் செய்து பார்க்காத அந்தச் சோதனைக்காகக் கைகளை நீட்டி ஜன்னல் கட்டினாராம். நடுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கைகளை முகத்துக்குக் கொண்டுவந்தாராம். அது இடது கண்ணுக்கு வந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் இடது. இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாரோ அந்தக் கண். பதினோரு கோப்பையும் தன்னையே பார்ப்பதுபோல இருந்ததாம். ஒரே ஒரு தோட்டா போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியதாம். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது தோளில் வைத்தார். தோட்டா இரும்பில் பட்டு, அதிலிருந்து ஒரு சில்லு திரும்பி வந்து கன்னத்தைக் கிழித்தது.

"ஸ்டோர்காரர் ஓடிவந்து, யார் சார் சுட்டதுன்னு கேட்டாரு. யாருன்னு கேட்டதும் வாய் ஒரு ஆளைச் சொல்லிடுச்சு. நான்தான்னு சொன்னா, அதுவும் இந்தத் தோள்லன்னு சொன்னா, என் லைசென்ஸும் போயிடும், இருபத்திரண்டு வருஷமும் போயிடும்."

"அதுக்குப் பதிலா என் எட்டு மாசம் போகட்டும்னு விட்டுட்டீங்க," என்றாள் ஓரம். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவர் தலை இன்னும் கீழே போயிற்று.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. சரியான கண் தெரிந்து, சரியான தோளுக்கு மாற்றி வைத்தும், இவ்வளவு அனுபவசாலி இரும்பில் போய் எப்படிச் சுட்டார்?

"அதுக்குத்தான் இந்த வலது ஓரம்," என்றாள் அண்ணி. "ரைபிளைத் தூக்கினதும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் வந்துடுச்சு. தோளை மாத்தினாரு, ஆனா இடது கண்ணை மூடிட்டாரு. இடது தோள்ல துப்பாக்கி, வலது கண்ணுல குறி. இவங்களுக்கு இடது பக்கம் போன மாதிரியே இவருக்கு வலது பக்கம் போச்சு."

வாத்தியார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அது அதுவரை அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிடிபட்டதைவிட அதுதான் அவரை அதிகம் உலுக்கியது மாதிரி இருந்தது.

"அப்போ சார் பேரும் ஓரம்தான்," என்றாள் நாத்தனார். "என்ன, இவர் வலது ஓரம்."

இன்ஸ்பெக்டர் மேசைமேல் ஃபைலைப் பிரித்து, அறிக்கைத் தாளில் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பொய்ப் புகாருக்கு என்ன செய்வது என்பதை நாளைக்கு வாத்தியாரோடு தனியாகப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். 'பேசிக்கொள்வதாக' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஸ்டோர்காரரே இரண்டடி பின்னால் போனார். பிறகு நற்சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தி, ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் வங்கி ஆளிடம் அவளே கொடுக்கட்டும் என்று ஓரத்திடம் நீட்டினார். மணி நாலு நாற்பது.

ஓரம் தன் பையிலிருந்து படிவத்தை எடுத்து வாத்தியார் முன்னால் விரித்தாள். மடிப்பு விழுந்த இடத்தைக் கையால் நீவிவிட்டாள். வாத்தியார் பேனாவை வாங்கி, மதிப்பெண் கட்டத்தில் தொண்ணூற்று மூன்று என்று எழுதினார். அதற்குக் கீழே 'சுட்ட தோள்' என்று ஒரு கட்டம். அதில் 'வலது' என்று முன்பே அவருடைய ரப்பர் முத்திரை விழுந்திருந்தது. எல்லாப் படிவங்களிலும் மொத்தமாகக் குத்திவைப்பது இந்தத் தளத்து வழக்கம். பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே வெகுநேரம் நின்றது. பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இடது' என்று எழுதி, திருத்தத்துக்கு ஒரு சுருக்கொப்பமும் போட்டார்.

ஓரம் மை காயும்வரை ஊதினாள். இரண்டு காகிதங்களையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், பலகையருகே நின்று திரும்பினாள். அவள் ஏதாவது திட்டுவாள் என்று நாத்தனார் ஆவலோடு காத்திருந்தாள். நாத்தனாராக இருந்தால் குறைந்தது பத்து நிமிஷம் திட்டியிருப்பாள்.

"தோளை மட்டும் மாத்தினாப் போதாது சார்," என்றாள் ஓரம். "அடுத்த தடவை வலது கண்ணை மூடுங்க."

வாத்தியார் தலையாட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே மணல்மேட்டைப் பார்த்து, மூடியும் பார்த்தார்.

மூடியது இடது கண்தான்.